ஒற்றை ஆளுக்கான ஸ்பேனர்கள்

“ஜூன் 15, சனி. காலை 7.40. பின்சக்கர அச்சு. நட்டைத் திருப்பினால் மறுபக்கம் அச்சும் சேர்ந்து சுற்றுகிறது. ஒருவர் பிடிக்க வேண்டும். ஆள் இல்லை. 8.15க்கு விட்டுவிட்டேன்.”

என் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு இருப்பது இவ்வளவுதான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு எடைமேடை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கரும்போடு எடை, வெறும் வண்டியின் எடை என்று எழுதி எழுதி, நேரம் போடாமல் எதையும் எழுத வராத கை இது. வேலையை விட்ட பிறகு கள்ளக்குறிச்சி வீட்டில் மழை தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம், சிலிண்டர் வந்த நாள் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். அவற்றை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மேலே உள்ள குறிப்புக்கு விளக்கம் வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தின் நடுவே ஒரு நீண்ட போல்ட் போகிறது. அதுதான் அச்சு. ஒரு பக்கம் அதன் தலை, மறுபக்கம் நட். நட்டைக் கழற்ற வேண்டுமென்றால் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இளவயதுக்காரன் சக்கரத்தின் மேல் குனிந்து இரண்டு பக்கமும் தானே பிடித்துவிடுவான். எனக்கு அறுபத்தொன்று. நட் துருப்பிடித்திருந்தது. ஒரு பக்கத்துக்கே என் இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அந்த மறுபக்கத்தை அதற்கு முன்பெல்லாம் என் மனைவி பிடித்துக்கொள்வாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஸ்பேனரை இரண்டு கையாலும் பற்றி, “ம், திருப்புங்க” என்பாள். திருப்பி முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். எதிர் வீட்டில் என்ன குழம்பு, கறிக்காரன் எலும்பு எவ்வளவு போட்டான், என் தம்பி மனைவி போனில் என்ன சொல்லாமல் விட்டாள் என்பதெல்லாம் சக்கரத்தின் கம்பிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்து சேரும். அவள் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரனுக்கு இப்போது மூன்று வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குற்றம் சொல்ல அங்கே யாரும் இல்லை. நடுநடுவே வருவாள். இரண்டு நாள், மூன்று நாள். பையைப் பிரிக்காமலே திரும்பிப் போன தடவைகளும் உண்டு.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போனில் பேசியபோது அவள் சொன்னதை அன்றே எழுதி வைத்திருக்கிறேன். பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. தீபாவளிக்குள் அவன் பழகிவிடுவான். “பொங்கலுக்கு வரேன். தை முழுக்க இருந்து பாக்குறேன். முடியும்னு தோணிச்சின்னா அங்கியே இருந்துடறேன்.”

“முடியும்னா இன்னா முடியும்?” என்று கேட்டேன்.

“இருக்க முடியுமான்னுதான். மூணு வருஷமாச்சி இல்ல. நீங்க வண்டிய சரி பண்ணி வைங்க. மலைக்குப் போவலாம்.”

மலை என்றால் கல்வராயன் மலை. கல்யாணமான புதிதில் வெள்ளிமலைவரை இதே வண்டியில் போயிருக்கிறோம். அவள் அதைச் சொன்ன மறுநாள் காலையில்தான் நான் பின்சக்கரத்தில் கை வைத்தேன். 8.15க்கு விட்டும்விட்டேன்.

மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தவன்தான். பழைய வண்டி என்றால் எங்கள் ஊரில் நட்டுக்கு ஸ்பேனரைத் தேடமாட்டார்கள், உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நட் கழன்றுவிடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அடுத்த முறை அந்த நட்டில் எந்த ஸ்பேனரும் உட்காராது, உளிதான் உட்காரும். என் வண்டியில் அப்படி உளிவடு பட்ட நட் நான்கு இருக்கிறது. நான்குக்கும் எந்தத் தேதியில், யார் கையால் என்று தெரியும்.

என்னிடம் அப்போது இருந்தது வண்டியோடு வந்த கருவிப்பை. தகட்டில் வெட்டி எடுத்த ஸ்பேனர்கள். கொஞ்சம் அழுத்தினால் வாய் விரியும். ஆகவே பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். நாற்பது உருப்படி, ஒவ்வொன்றும் அதனதன் குழியில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு. விலையும் மலிவு. வாங்கி வந்தேன். படித்தவன் என்ற கர்வத்தோடு பெட்டிமேலும் இரும்பிலும் குத்தியிருந்த ‘குரோம் வனேடியம்’ என்ற, கெட்டி எஃகுக்கான சொல்லை ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தும் பார்த்தேன்.

ஜூன் 18, காலை 9.05: நட்டின்மேல் கவிழ்க்கும் குழல், பத்தொன்பது மில்லிமீட்டர் சாக்கெட், இரண்டாவது அழுத்தத்திலேயே விளிம்பிலிருந்து நெடுக்காகப் பிளந்தது. நட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் விரல்முட்டிதான் சக்கரக் கம்பியில் மோதித் தோல் போனது. இரும்பில் எந்த எழுத்தையும் யாரும் குத்தலாம் என்பது எனக்கு அறுபத்தொன்றாவது வயதில்தான் தெரிந்தது. திருக்கோவிலூர்க் கோயில் கல்வெட்டுகளை நின்று நின்று வாசித்தவன் நான். கல்லில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு வேலையை எழுத்தரைப் போல அணுகினேன். வண்டியில் உள்ள நட், போல்ட் ஒவ்வொன்றையும் அளந்து எழுதினேன். இரண்டு காலைகள் பிடித்தது. எழுதி முடித்தபோது வந்த அளவுகள் மொத்தம் ஆறு: எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு, பத்தொன்பது. ஸ்பார்க் பிளக்குக்குத் தனியாக ஒரு குழாய் ஸ்பேனர். நாற்பது உருப்படிப் பெட்டியில் எனக்கு வேண்டியது ஏழுதான். மீதி முப்பத்து மூன்றையும் அதே விலைக்குள் அடக்குவதற்காக அந்த ஏழு உருப்படியையும் மட்டமாகச் செய்திருக்கிறார்கள். கையில் காசு குறைவாக இருக்கிறவன் செட்டாக வாங்கக் கூடாது. தன் வண்டியை அளந்து, வேண்டியதை மட்டும் உதிரியாக, ஒவ்வொன்றையும் நல்லதாக வாங்க வேண்டும். மாதம் ஒன்று வாங்கினாலும் போதும்.

நல்லது எது என்று கண்டுபிடிக்கச் சில வழிகளைக் கற்றுக்கொண்டேன். சட்டைப்பையில் புது நட் ஒன்றும், விரல் நீளத்துக்கு ஓர் அரமும் வைத்துக்கொண்டு கடைக்குப் போவேன். நட்டை ஸ்பேனரின் வாயில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். லொடலொடவென்று ஆடினால் திருப்பி வைத்துவிடுவேன். வாய்க்குப் பதில் வளையம் உள்ள ரிங் ஸ்பேனராக இருந்தால் வளையத்தின் சுவர் மெல்லியதாக, ஆனால் கெட்டியாக இருக்கவேண்டும். மட்டமான இரும்பு பலத்துக்காகத் தடித்துப் போயிருக்கும், இடுக்கில் நுழையாது. கைப்பிடியின் ஓரமாக மினுமினுப்பு உரிந்திருக்கிறதா என்று நகத்தால் கீறுவேன். கடைசியாக, கடைக்காரர் வேறு பக்கம் பார்க்கும்போது, அரத்தை வாயின் முனையில் ஒருமுறை இழுப்பேன். வழுக்கிக்கொண்டு போனால் கெட்டி. கடித்துத் தூள் கொட்டினால் வெண்ணெய்.

அவர் எப்போதும் வேறு பக்கம் பார்ப்பவரல்ல.

“சார், நீங்க ஸ்பேனர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“ரெண்டும் ஒருவாட்டிதான வாங்குறோம்.”

“பொண்ண அரத்தால ராவிப் பாத்தீங்களா?”

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைய குறிப்பில், “மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தது: ஜூலை 3, மாலை 5.20” என்று எழுதியிருக்கிறேன். எதற்காக அதை எழுதினேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அதற்கு முன்பு அப்படி ஒரு குறிப்பு எங்கே என்று தேடிப் பார்த்தேன். பங்குனி வரைக்கும் பின்னால் போக வேண்டியிருந்தது.

அவரிடம் பத்து, பன்னிரண்டு, பதினான்கு ஆகிய மூன்றையும் நல்லதாக வாங்கினேன். வளையத்துக்குள் ஆறு முனை உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். பன்னிரண்டு முனை உள்ளது சீக்கிரம் மாட்டும், ஆனால் நட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும். ஏற்கெனவே உளிவடு பட்ட நட்டுக்கு அது ஆகாது. ஒரு ராட்செட் கைப்பிடியும் வாங்கினேன். கையை எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்து நட்டைத் திருப்பும் கருவி அது. உள்ளே சிறு பல்சக்கரம் கட்டகட்டவென்று சத்தம் போடும். வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் அது எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய அளவுகள் விலை அதிகம். அவற்றுக்குத் திருக்கோவிலூரில் ஒரு காயலான் கடைக்குப் போனேன். பழைய இரும்பை எடைபோட்டு விற்கும் கடை. நடத்துபவர் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும். அவருக்கு நல்ல ஸ்பேனர், கெட்ட ஸ்பேனர் என்ற பேதம் கிடையாது. தராசில் வைத்தால் இரும்பு இரும்புதான். ஆகவே தேடுகிறவனுக்குப் பொறுமை இருந்தால், லாரிப் பட்டறைகளிலிருந்து வந்த உயர்ந்த கருவிகள் ஜன்னல் கம்பியின் விலைக்குக் கிடைக்கும். ஜூலை 20, சனிக்கிழமை. காலை பத்தரை மணியிலிருந்து அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார் தேடிக்கினு கீற? ஒரு மணி நேரமா கோழி கிளர்ற மாரி கிளறிக்கினே கீற.”

“பத்தொன்பது ரிங் ஸ்பேனர்மா.”

“அதான் நாலு எட்த்து வெச்சிட்டியே.”

“நாலும் வளைஞ்சிருக்கு.”

“நாம மட்டும் நேராவா கீறோம்? எட்த்துக்கினு போ சார்.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வூட்ல அம்மா இல்லியா?” என்றார்.

“ஊருக்குப் போயிருக்காங்க.”

“அதான பாத்தேன். வூட்ல ஆள் இர்ந்தா இந்நேரம் போன் வந்துருக்கும், எங்க பூட்டேன்னு.”

குவியலின் அடியில் பதினேழு–பத்தொன்பது ரிங் ஸ்பேனர் ஒன்று கிடைத்தது. கறுத்திருந்தது. எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தபோது கைப்பிடியில் மூன்று வெட்டுக் கோடுகள் தெரிந்தன. பட்டறைத் தொழிலாளர்கள் தங்கள் கருவி மாறிப்போகாமலிருக்க அரத்தால் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. என் அரம் அதன்மேல் பனிக்கட்டியில் போவதுபோல வழுக்கியது. அதோடு ஒரு வைஸ் கிரிப் கிடைத்தது. அது ஒருவகைக் கவ்வுக் குறடு. பின்னாலிருக்கும் திருகை அளவாக வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டு, நாம் கையை எடுத்தாலும் கவ்வியதை விடாது.

அந்தக் குறடுதான் என் காரியத்தை மாற்றியது. ஜூலை 21, ஞாயிறு, காலை 8.10. அச்சின் தலையை அதனால் கவ்வினேன். அதன் கைப்பிடி சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் முட்டிக்கொண்டு நின்றது. எழுந்து, வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்து, பழைய ரிங் ஸ்பேனரை நட்டில் போட்டு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கிறீச்சென்று கழன்றது. அச்சின் தலையில் குறட்டின் பல் பதிந்திருந்தது. கருவி தெரிந்தவர்கள் திட்டுவார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மறுபக்கம் யாரும் உட்காராமல் வேலை நடந்துவிட்டது.

அதன்பின் எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் சோதித்தேன்: தானாக நிற்குமா, தானாகப் பிடிக்குமா. கொக்கி வைத்த விளக்கு வாங்கினேன், யாரும் டார்ச் பிடிக்க வேண்டியதில்லை. காந்தம் வைத்த தட்டு வாங்கினேன், கழற்றிய நட்டை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டியதில்லை. மேசையில் ஒரு சிறு பட்டறைப் பிடிப்பானை முடுக்கினேன். ராட்செட்டுக்குப் பொருந்தும் நல்ல பத்தொன்பது சாக்கெட்டும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குள்ளும் அதே கணக்கு தொற்றிக்கொண்டது. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு சின்ன குக்கர் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில். மற்ற பாத்திரங்கள் பரணில். ஒரு ஆள் நின்ற இடத்திலிருந்து அசையாமல் சமைத்துச் சாப்பிட்டுக் கழுவி வைத்துவிடலாம். நான் அதைக் கொஞ்சம் பெருமையாகவே நினைத்தேன்.

மாலை ஏழு மணிப் போனில் இதையெல்லாம் அவளிடம் சொல்வேன். அந்தப் பக்கம் பேரன் கத்துவான், குக்கர் விசிலடிக்கும், மகள் ஏதோ கேட்பாள். “ம்” என்பாள். “அப்புறம்” என்பாள். செயின் மாற்றியதைச் சொன்ன அன்று, “சாப்ட்டீங்களா” என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டேன் என்று அரை நிமிடத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 11, ஆயுத பூஜை. காலையிலேயே போன் செய்தாள்.

“சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சீங்களா?”

“வெக்கிறேன்.”

“வெக்கிறேன்னு சொல்லிட்டு வுட்டுடாதீங்க. ஒன்னு வுடாம வைங்க. படம் புடிச்சி அனுப்புங்க.”

ஒன்று விடாமல் வைத்தேன். சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்தேன். ஸ்பேனர்களைச் சைக்கிள் கடைகளில் வைப்பதுபோல அளவு வரிசையில் துணியில் பரப்பி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு. ராட்செட்டுக்குத் தலை வட்டமாக இருந்ததால் நடுவில் பெரிதாகவே வைத்தேன். பொரி, கடலை, ஒரு வாழைப்பழம். கற்பூரம் காட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். “அழகா கீது” என்று எழுதியிருந்தாள். வந்த நேரம் 10.48. மறுநாள் சந்தனத்தைத் துடைக்க மனம் வரவில்லை. அப்படியே துணியில் சுருட்டி வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்தினம் காலை வந்தாள். இந்த முறை பெரிய பெட்டி. பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் அடுக்கினாள். அடுக்குவதை வாசற்படியில் நின்று பார்த்தேன். பிறகு சமையலறைக்குப் போனாள்.

“கரண்டி எங்கங்க?”

“அடுப்புக்கு வலப்பக்கம் ஆணில.”

“இன்னொன்னு?”

“பரண்மேல.”

“தட்டு?”

“அதுவும் பரண்மேலதான். இரு, எடுத்துத் தரேன்.”

நான் நாற்காலி போட்டு ஏறிப் பாத்திரங்களை இறக்கினேன். அவற்றில் தூசி படிந்திருந்தது. அவள் கழுவிக்கொண்டே, “ஒருத்தருக்கு எல்லாம் கச்சிதமா வெச்சிக்கினு கீறீங்க” என்றாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் முடிந்து ஜனவரி 17, வெள்ளிக்கிழமை காலை 9.30க்கு மலைக்குக் கிளம்பினோம். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம், அப்புறம் வடக்கனந்தல் பக்கம் வயல்கள், கோமுகி அணை. அவள் என் தோளில் கை வைத்திருந்தாள். காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்டது. கேட்காத பாதிக்கும் “ஆமா” என்று சொன்னேன்.

மலைப்பாதையில் சில வளைவுகள் ஏறியதும் பின்னால் தடதடவென்று சத்தம். செயின் கழன்று தொங்கியது. நேரம் 11.20. புதுச் செயின் ஓடி ஓடி நீளும். அதை இறுக்கிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், இறுக்கவில்லை. வேலை பெரியதல்ல. அச்சின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, செயினை மாட்டி, மறுபடி இறுக்க வேண்டும். துணிச்சுருளை எடுத்துத் தரையில் விரித்தேன்.

ராட்செட்டில் சாக்கெட்டைப் பொருத்தி நட்டில் மாட்டி இழுத்தேன். அது நட்டைத் திருப்பாமல் என் கையோடு சும்மா சுற்றியது. கட்டகட்டச் சத்தம் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பொட்டின் நடுவிலிருந்து சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, துருவோடு சேர்ந்து பல்சக்கரத்தை அடைத்திருந்தது. மூன்று மாதமாக அந்த ஈரத்தோடு சுருட்டி வைத்திருக்கிறேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“அய்ய. உள்ளாரயும் வெச்சீங்களா?”

“ஒன்னு வுடாம வைக்கச் சொன்னியே.”

“நெத்தில வைக்கச் சொன்னா, வவுத்துக்குள்ள வெச்சிருக்காரு.” சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். “இதுக்கு ஒரு அரம், ஒரு நட்டு, ஊரெல்லாம் சுத்தி வாங்கினீங்களாக்கும்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று வருடத்தில் அந்தச் சத்தத்தை நேரில் கேட்டது அப்போதுதான். சிரித்து முடித்துப் புடவையைச் செருகிக்கொண்டு, சாலையோரத்தில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளி, சக்கரத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“குடுங்க, நான் புடிச்சிக்கிறேன்.”

என் கையில் அப்போது வைஸ் கிரிப் இருந்தது. திருகைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். “வேணாம். இது புடிச்சிக்கும்” என்றேன்.

“நான் புடிக்கிறேன்ங்க.”

“உனக்கு எதுக்குக் கஷ்டம். இது தானா நிக்கும், பாரு.”

அவளுக்கு முன்னால் கையை நீட்டி அச்சின் தலையைக் கவ்வவைத்தேன். டக்கென்று பூட்டியது. கையை எடுத்துக் காட்டினேன். அசையாமல் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதமாக யாரிடமும் காட்டாத வேலையை அவளிடம் காட்டினேன் என்ற சந்தோஷம் அது.

அவள் கொஞ்ச நேரம் குறட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான் கீது” என்றாள். “அப்ப எனக்கு இன்னா வேலை.” கேள்வி மாதிரி இல்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டு, வளைவின் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். அந்த இடத்தில் சிக்னல் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

பழைய ரிங் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, செயினை மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, அளவைச் சரிபார்த்து, இறுக்கினேன். அன்றைய குறிப்பு: “11.20 நிறுத்தம். 11.46 புறப்பாடு. ராட்செட் பழுது (சந்தனம்). மற்றபடி வேலை சுத்தம்.” அவள் கேட்டதும் நான் சொன்னதும் குறிப்பில் இல்லை. அப்போது அவை எழுதவேண்டியவையாகத் தோன்றவில்லை.

வெள்ளிமலையில் சாப்பிட்டோம். மலைத்தேன் ஒரு பாட்டில் வாங்கினாள், மகளுக்கு என்று. இறங்கும்போது தோளில் கை இருந்தது. பேச்சு இல்லை, காற்று அதிகமாக இருந்ததால் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை அவள் பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களைத் துடைத்து ஒரு மூலையில் அடுக்கினாள். மேலே ஏற்றவா என்று கேட்டதற்கு, “அப்பறம் பாக்கலாம்” என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு. காலை 8.30க்கு நான் ராட்செட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். வந்து பின்னால் நின்றாள்.

“பையனுக்கு ஜொரமாங்க. ராத்திரிலேர்ந்து.”

“ஜாஸ்தியா?”

“கம்மிதானாம். ஆனா என்னியே கேட்டுக்கினு கீறானாம். போய்ட்டு வந்துடறேன்.”

“எப்ப?”

“இன்னிக்கி சாயந்தரம். மாப்ள காலைல டிக்கெட் போட்டுட்டாரு.”

தை பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தை முழுக்க என்றாயே என்று நான் கேட்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். புடவைகளை அவள் எடுத்து வைக்கும்போது நான் வாசற்படியில் நிற்கவில்லை. மாலை பேருந்து நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சென்னைக்குத் திரும்புகிறார்கள். மூட்டைகள், கரும்புத் துண்டுகள், தூங்கும் குழந்தைகள். அவளுக்கு ஜன்னலோர இருக்கை. “வேளாவேளைக்குச் சாப்டுங்க” என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். “சாப்பிடுறேன்” என்றேன். பேருந்து 5.55க்கு நகர்ந்தது.

போன வாரம் போனில் பேசினோம். பேரனுக்கு ஜுரம் விட்டு நாளாகிறது. சளி மட்டும் இருக்கிறதாம். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். “பாக்கலாம்ங்க” என்றாள். தை முடிந்து மாசியும் பாதி போய்விட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் எழுதிவிட வேண்டும். பேருந்து எண் தெரியவேண்டும் என்பதற்காக அன்று மருமகன் அந்தப் பயணச்சீட்டை என் போனுக்கும் அனுப்பியிருந்தார். அதன் மேல்பாதியில் பேருந்து எண்ணும் புறப்படும் நேரமும் இருக்கையும் உள்ளன. கீழே, விரலால் தள்ளினால் தெரியும் இடத்தில், சீட்டு எடுத்த தேதியும் நேரமும் இருக்கும். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு, அன்று காலையில் போட்டு ஜன்னலோரம் கிடைப்பது அரிது. யாராவது கடைசி நேரத்தில் ரத்துசெய்திருந்தால் கிடைக்கும். அப்படிக் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். சனிக்கிழமை எடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை, மலையில், 11.20க்கும் 11.46க்கும் நடுவே அவள் கேட்டு எடுத்திருக்கலாம். சென்னையிலிருந்து கிளம்பும்போதே இரண்டு பக்கத்துக்கும் எடுத்திருந்தார்களென்றால், நான் செய்ததற்கும் செய்யாததற்கும் இதில் இடமே இல்லை. அந்தச் சீட்டு இன்னும் என் போனில் இருக்கிறது. எடுத்த தேதி எது என்பதை இதை எழுதும் இந்நாள்வரை நான் சரிபார்க்கவில்லை.